ஆசிரியரை ஆக்குவோர்: பார்பியானா மடலும் சேவாகிராம வரலாறும்

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியனது இலக்கணத்தைக் கூறுகிறார். ஆசிரியனாகத் தகாதவன் இலக்கணத்தையும் கூறுகிறார். பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கர் வகை, கற்பிக்கத் தகாதார் வகை, பாடங்கேட்கும் முறை என எதையும் அவர் விடவில்லை. நல்லாசிரியனுக்கு நிலமும் மலையும் துலாக்கோலும் மலரும் உவமைகளாயின. தகாதவனுக்குக் கழற்குடமும் மடற்பனையும் பருத்திக்குண்டிகையும் முடத்தெங்கும் உவமைகளாயின. இத்துணை நுணுக்கமாய் நோக்கிய நூல் ஒன்றைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அந்த ஆசிரியனை ஆக்கியவன் யார்? அவனுக்கு இலக்கணம் யாது? கற்றவன் கற்பிப்பான் என்ற அளவில் சமுதாயம் அமைந்திருந்த காலத்தில் அக்கேள்வி எழவேண்டிய தேவை இருந்திராது.

நம் நாட்டில் அத்தேவையை உண்டாக்கியவர்களுள் திருச்சபையார் முன்னிற்கின்றனர். 1716ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் சீகன்பால்கும் கிரண்ட்லரும் உபதேசியாரையும் பள்ளி ஆசிரியரையும் ஆயத்தப்படுத்தவென்று ஒரு சிறு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினர். பின்னர் வட்டுக்கோட்டை, சாயர்புரம், பசுமலை என அவ்வழி நீண்டது. ஊர்ப்புறத்து உபதேசியார் வாரத்தில் ஆறு நாள் பள்ளி வாத்தியாராகவும் ஏழாம் நாள் சபை ஊழியராகவும் விளங்கிய தலைமுறைகள் இந்நிறுவனங்களில் உருவாயின. ஆகவே ஆசிரியரை ஆக்கும் தொழிலைப் பற்றித் திறனாய்வு செய்வது இவ்விதழின் எல்லைக்குப் புறம்பானதன்று. அத்தொழில் நம் வீட்டில் பிறந்தது; அதன் குறைகளிலும் நமக்குப் பங்குண்டு.

இவண் நாம் எடுத்துக்கொள்பவை இரண்டு நூல்கள். ஒன்று, இத்தாலி நாட்டில் பார்பியானா என்னும் மலைக் குக்கிராமத்துப் பள்ளிச் சிறுவர் எண்மர் சேர்ந்து எழுதி 1967ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த 'ஓர் ஆசிரியைக்கு மடல்'. மற்றொன்று, மார்ஜரி சைக்ஸ் அம்மையார் எழுதி 1988இல் சேவாகிராமத்திலிருந்து வெளிவந்த 'நயீ தாலீமின் கதை'. இரண்டையும் ஆங்கில வழியாகவே வாசித்தோம். தருமபுரி மாவட்டத்தில் ஆசிரியப் பயிற்சிப் பணியில் ஈடுபட்டுள்ள சபையார் சிலரும் நம்மோடு சேர்ந்து வாசித்தனர் என்பதைச் சொல்லியாக வேண்டும். இக்கட்டுரையில் காணும் கேள்விகளுள் கூர்மையானவை பெரும்பாலும் அவர்கள் எழுப்பியவையே.

தருமபுரியை ஏன் குறிப்பிடுகிறோம்? 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாகி, 2004இல் கிருஷ்ணகிரியைத் தனியே பிரித்துக் கொடுத்த இம்மாவட்டம், 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் கடைசி இடத்தில் நின்றது. மாநிலத்தின் அளவு ஏறத்தாழ 80 விழுக்காடாயிருக்க, இங்கே 68.5 விழுக்காடு, பெண்களிடையே ஏறத்தாழ 60. இதற்குக் காரணம் கூறுவோர் மழையின்மையைக் கூறுவர். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் செல்லும் பெற்றோரைக் கூறுவர். சில வேளைகளில் ஆசிரியரையும் கூறுவர். அந்த ஆசிரியரை ஆயத்தப்படுத்தி அனுப்பியவரைக் குறித்து எவரும் ஒரு சொல்லும் கூறுவதில்லை. நன்னூலின் மௌனம் இன்றும் நீடிக்கிறது.

முதலில் பார்பியானாவுக்குச் செல்வோம். லொரென்ஸோ மிலானி என்னும் கத்தோலிக்கக் குருவானவர் 1923இல் பிளாரன்ஸ் நகரத்துச் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தவர். தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளி நடத்தியதும், பேச்சில் எவருக்கும் அஞ்சாததும் மேலதிகாரிகளுக்கு உவப்பாயில்லை. 1954 டிசம்பரில் அவர் பார்பியானாவுக்கு அனுப்பப்பட்டார். சாலை எட்டாத மலைச்சரிவு. சிதறிக்கிடந்த சில குடியானவர் வீடுகள். தண்டனையாகத் தரப்பட்ட அவ்விடத்தை அவர் பள்ளிக்கூடமாக்கினார். ஆண்டு முழுவதும், விடுமுறையின்றி, காலை முதல் மாலைவரை நடந்த பள்ளி அது. அரசுப் பள்ளிகளில் தவறியவர்களும் துரத்தப்பட்டவர்களும் அங்கே வந்தனர். பின்தங்கிய பிள்ளையே அங்கு முதல் மரியாதைக்கு உரியவன். அவன் விளங்கிக்கொள்ளும் வரையில் மற்றவர் முன்னேறிச் செல்வதில்லை. மடல் வெளிவந்த அடுத்த மாதம், 1967 ஜூன் 26ஆம் நாள், மிலானி நாற்பத்து நான்காம் வயதில் இறந்தார். அவரைத் தள்ளிவைத்த திருச்சபையின் தலைவராகிய போப் பிரான்சிஸ் 2017இல் அவருடைய கல்லறையில் நின்று மன்றாடினார். ஐம்பது ஆண்டு காத்திருந்தது கொஞ்சம் நீண்ட காலந்தான்.

இம்மடலைப் பள்ளி ஆசிரியர்மீது தொடுத்த குற்றச்சாட்டாகவே யாவரும் வாசித்து வந்துள்ளனர். தவறும் பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள் என்பதைச் சிறுவர்களே பதிவேடுகளினின்று கணக்கிட்டுக் காட்டும் பகுதி பெரும்புகழ் பெற்றது. மருத்துவரின் மகனாகிய பியெரினோ, பள்ளியைப் பாதியில் விட்டு வேலைக்குச் செல்லும் ஜியான்னி என்னும் இரு சிறுவர் அங்கே உருவகங்களாய் நிற்கின்றனர். நம்மிடையே இறையியல் வகுப்புகளில் பாலோ ஃபிரேயரைப் படித்தவர் பலர். அவர் 1970 முதல் பத்தாண்டு ஜெனிவாவில் உலகத் திருச்சபை மாமன்றத்தில் பணியாற்றியவராதலின் நம் நூலகங்களுக்கு எளிதில் வந்து சேர்ந்தார். பார்பியானாவைப் படித்தவர் சிலரே. அச்சிலரும் முதற்பாதியோடு நின்றுவிட்டனரோ என ஐயுறுகிறோம்.

ஏனெனில், மடல் யாருக்கு எழுதப்பட்டது என்பதைக் கவனித்தல் வேண்டும். அந்த ஆசிரியை தொடக்கப் பள்ளி ஆசிரியையல்லர். நடுநிலைப் பள்ளி ஆசிரியையும் அல்லர். அவர் தொடக்கப் பள்ளி ஆசிரியரை உருவாக்கும் நான்காண்டுப் பயிற்சிப் பள்ளியில் கற்பித்தவர். பார்பியானாச் சிறுவர்களுள் இருவர் தாமும் ஆசிரியராக விரும்பி அங்கே சேர்ந்தனர், முதலாண்டிலேயே தவறினர். அத்தோல்வியே மடலுக்கு வித்து. எனவே இந்நூல் ஆசிரியரை ஆக்கும் ஆசிரியருக்கு எழுதிய மடல். நூலின் இரண்டாம் பகுதி முழுவதும் பயிற்சிப் பள்ளியைப் பற்றியது. இதை மனத்திற்கொண்டு வாசித்தால் முதற்பகுதியின் பொருளும் மாறிவிடுகிறது: பள்ளியில் பிள்ளைகள் தவறும் கதை, பயிற்சிப் பள்ளியில் தொடங்கிய கதையின் தொடர்ச்சியாகிவிடுகிறது.

பயிற்சிப் பள்ளியின்மீது சிறுவர் கூறும் குறைகள் பல. மலைப்பள்ளியில் கற்பித்துப் பழகியவனிடம் பழங்காவிய மொழிபெயர்ப்பைக் கேட்கின்றனர். அயல்நாடு சென்று உழைத்து மொழி கற்றவனிடம் இலக்கண விதிவிலக்குகளைக் கேட்கின்றனர். உடற்பயிற்சித் தேர்வுக்குக்கூட நகரப் பிள்ளைகள் ஆடும் பந்தாட்டமே அளவுகோலாகிறது. கல்வியியல் பாடநூலில் பெரும் சிந்தனையாளர் வரிசை இருக்கிறது; உயிருள்ள ஒரு பிள்ளை அதில் இல்லை என்பது அவர்கள் முறையீட்டின் சாரம். ஆனால் ஒன்று வியப்புக்குரியது. கட்டாயக் கல்வியில் எவனையும் தவறச் செய்யலாகாது என்று வாதிடும் அதே சிறுவர், ஆசிரியப் பயிற்சியில் தேர்வு கடுமையாயிருக்கலாம் என்று ஒப்புக்கொள்கின்றனர். தகாத ஆசிரியன் ஒருவன் வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளைக் கெடுப்பான் அன்றோ? கடுமை வேண்டும், ஆனால் உரியவற்றில் வேண்டும் என்பதே அவர்கள் வழக்கு. எதைச் சோதிக்கிறீர் என்று கேட்கின்றனரேயன்றி, ஏன் சோதிக்கிறீர் என்று கேட்கவில்லை.

இது வலிமை வாய்ந்த வழக்கு. பயிற்றுநருக்கு நேரே அமர்ந்திருப்பவர் பயிற்சி மாணவர். அவருக்கும் அப்பால், இன்னும் பிறவாத பிள்ளைகள்கூட, அவருடைய வகுப்பில் கண்காணாமல் அமர்ந்திருக்கின்றனர். அப்பிள்ளைகளே அவருடைய உண்மையான தேர்வாளர் என்பதைப் பார்பியானா போல் வேறெந்த நூலும் இவ்வளவு சினத்தோடு சொல்லிற்றென நாம் அறியோம்.

எனினும் இந்நூலை முழுவதும் ஏற்றுக்கொள்ள நம்மால் இயலவில்லை. ஆசிரியை தம் மாணவனுடைய வீட்டை அறியவில்லை, அவன் தந்தையின் உழைப்பை அறியவில்லை என்று குற்றஞ்சாட்டும் சிறுவர், அந்த ஆசிரியையின் வீட்டைப் பற்றி ஒருமுறையும் கேட்கவில்லை. அவரை ஆக்கியவர் யார்? அவர் என்றேனும் ஒரு மலைப்பள்ளியைக் கண்டதுண்டா? காணும்படி எவராவது அவரை அனுப்பினரா? மடலில் அவருக்குப் பெயருமில்லை, முகமுமில்லை. நம்மோடு வாசித்த பயிற்றுநர் அம்மையார் ஒருவர், "இந்த அம்மாவுக்கும் ஒரு பதில் மடல் எழுத உரிமை தந்திருக்கலாமே, ஐயா" என்றார். அது நியாயமான கேள்வி.

இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. கல்வியியல் என்னும் பாடத்தையே வேண்டாமெனத் தள்ளும் அளவுக்குச் சிறுவர் செல்கின்றனர். ஆனால் அவர்கள் எங்கே கற்பிக்கக் கற்றனர்? பார்பியானாவில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பித்தான். பதினாலு வயதுக்காரன் வாரத்தில் சில பொழுதுகள் ஆசிரியனாயிருந்தான். மிலானி ஒரு பயிற்றுநர். அப்பெயரைச் சூடிக்கொள்ளவில்லை என்பதே வேறுபாடு. கல்வியியலை எள்ளி நகையாடும் நூல், தலைசிறந்த கல்வியியல் வகுப்பொன்றின் விளைச்சல்.

ஈண்டு நம் மண்ணின் பழைய வழக்கமொன்றை நினைவுகூர்தல் தகும். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை நம் முன்னோர் நன்கறிவர். 1789இல் சென்னை எழும்பூரிலிருந்த படைவீரர் அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆன்ட்ரூ பெல் என்னும் குருவானவர், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்தி, மாணாக்கரைக் கொண்டே மாணாக்கருக்குக் கற்பிக்கச் செய்தார். 1797இல் அதை இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். அம்முறை உலகெங்கும் பரவிற்று. பரவியதற்கு முதற்காரணம் சிக்கனம். ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கானோருக்குப் பாடஞ்சொல்லலாம் என்பதே அதன் கவர்ச்சி. பார்பியானாவின் சட்டாம்பிள்ளை வேறு. அவன் கற்பித்தது செலவைக் குறைப்பதற்கன்று. கற்பித்தால்தான் அவனுக்கே பாடம் தெளியும் என்பதற்காக. ஒரே வழக்கம் எவர் கையில் எதற்காக விழுகிறது என்பதைப் பொறுத்து எவ்வளவு மாறிவிடுகிறது!

மிலானி இறந்தபின் பார்பியானாப் பள்ளி நெடுநாள் நிலைக்கவில்லை. ஒருவரைச் சுற்றி எழுந்தது அவரோடு முடிந்தது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஆசிரியர் வேண்டும் என்றிருப்போருக்கு ஒரு மிலானியைக் காட்டுவது போதிய விடையாகாது. இந்த இடத்திலேதான் மார்ஜரி சைக்ஸ் அம்மையாரின் நூல் நமக்குத் தேவைப்படுகிறது.

சைக்ஸ் அம்மையார் தமிழ்நாட்டுக்கு அந்நியரல்லர். 1905இல் இங்கிலாந்தில் பிறந்து, 1928இல் சென்னை வேப்பேரியிலுள்ள பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாய் வந்து, தமிழ் கற்று, பின் அப்பள்ளியின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றவர். குவேக்கர் சபையைச் சார்ந்தவர். சாந்திநிகேதனத்தில் சில ஆண்டுகள் கழித்து, 1940களின் இறுதியில் சேவாகிராமத்துக்குச் சென்று ஏறத்தாழப் பத்தாண்டு அங்கே ஆசிரியப் பயிற்சியை நடத்தினார். பின்னர் நெடுங்காலம் கோத்தகிரியில் வாழ்ந்தார். 1995இல் மறைந்தார். அவர் எழுதியது வரலாறுதான். ஆனால் உள்ளே நின்றவர் எழுதிய வரலாறு.

அவ்வரலாற்றின் நடுவில் நிற்பவரோ தமிழர். எட்வர்டு வில்லியம்ஸ் ஆரியநாயகம் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்; தாகூரின் செயலாளராயிருந்து 1930இல் அவரோடு ருசிய நாட்டுக்கும் சென்று வந்தவர். 1937 அக்டோபர் 22, 23ஆம் நாள்களில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாட்டுக்குப் பின் அமைந்த ஜாகிர் உசேன் குழுவிலும், அடுத்த ஆண்டு தோன்றிய இந்துஸ்தானி தாலீமி சங்கத்திலும் செயலாளர் பொறுப்பு அவருடையது. வங்காளத்தவராகிய அவருடைய மனைவியார் ஆஷா தேவியும் அவரும் தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரே வேலைக்குக் கொடுத்தனர்: பல மாகாணங்களிலிருந்தும் வந்தோரை ஆசிரியராக்குவது. நம் சபை வரலாறுகளில் மிஷனரிமாரின் கல்லறை எழுத்துகள்கூடப் படியெடுக்கப்பட்டுள்ளன. இவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவாரில்லை.

சேவாகிராமத்துப் பயிற்சியில் விரிவுரைக்குத் தனி மண்டபம் முக்கியமன்று. பயிற்சிக்கு வந்தவர் கழிப்பிடம் துப்புரவு செய்தனர், சமையற்கட்டில் முறைவைத்து வேலை செய்தனர், நூற்றனர், தோட்டத்தில் உழைத்தனர், அருகிலேயே பிள்ளைகளின் பள்ளி நடந்தது. பயிற்றுவிப்போரும் அவ்வேலைகளினின்று விலகி நிற்கவில்லை. ஆசிரியன் பிற்காலத்தில் எத்தகைய வாழ்க்கையைப் பிள்ளைகளோடு நடத்தவேண்டுமோ, அதே வாழ்க்கையைப் பயிற்றுநர் அவனோடு முன்னதாகவே நடத்திக் காட்டுதல் என்பதுதான் இதன் உட்பொருள். சைக்ஸ் அம்மையார் இதை ஆரவாரமின்றி எழுதுகிறார். பார்பியானாவின் சினம் இங்கே கிடையாது. சில இடங்களில் கொஞ்சம் சினம் இருந்திருக்கலாமே என்றுகூடத் தோன்றுகிறது.

ஏனென்றால் பின்னர் நடந்தது வருந்தத்தக்கது. 1947க்குப் பின் ஆதாரக் கல்வி அரசின் கொள்கையாயிற்று. மாநிலந்தோறும் ஆதாரப் பயிற்சிப் பள்ளிகள் எழுந்தன. இருந்த பயிற்சிப் பள்ளிகளுக்கும் அப்பெயர் சூட்டப்பட்டது. பெயர்ப்பலகையை மாற்றுவது எளிது. பயிற்றுநரை மாற்றுவது எப்படி? நேற்றுவரை நாற்காலியிலமர்ந்து குறிப்புச் சொல்லியவர், சில வாரப் பயிற்சி பெற்றுத் திரும்பி, நாற்காலியிலமர்ந்தபடியே இராட்டையைப் பற்றிக் குறிப்புச் சொன்னார். 1956இல் ஜி. இராமச்சந்திரன் தலைமையிலான குழு நாடெங்கும் சென்று இக்கல்வியின் நிலையை மதிப்பிட்டது. அதற்குப் பத்தாண்டு கழித்துக் கோத்தாரிக் குழு இதனை 'வேலை அனுபவம்' என்னும் சொல்லில் கரைத்துவிட்டது. இராட்டைகள் சாமான் அறைக்குள் சென்றன. நயீ தாலீம் ஏன் தோற்றது என்பதற்குப் பலர் பல காரணம் கூறுவர். ஆக்குவோரை ஆக்க எவரும் பொறுமை காட்டவில்லை என்பதை முதற்காரணமாக நாம் கொள்கிறோம்.

ஆயினும் தமிழ் வாசகன் இந்நூலை வாசிக்கும்போது தொண்டையில் சிக்கும் முள் ஒன்றுண்டு. அதை விழுங்கிவிட்டதாகப் பாசாங்கு செய்தல் தகாது. 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த அரைநாட் பள்ளித் திட்டம் குலக்கல்வித் திட்டமென்று எதிர்க்கப்பட்டது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. வார்தாக் கல்வியும் அத்திட்டமும் ஒன்றல்ல என்று நுண்ணிதாய் வேறுபடுத்திக் காட்டலாம், காட்டவும் வேண்டும். ஆனால் தலைமுறை தலைமுறையாய்ச் செருப்புத் தைத்தவன், துணி வெளுத்தவன், மலம் அள்ளியவன் பள்ளிக்கூடத்தை எதற்காக நாடினான்? கைத்தொழிலினின்று தப்புவதற்காக. அவன் பிள்ளையின் கையில் மறுபடியும் ஒரு கருவியைக் கொடுத்து, இதுவே கல்வி என்றால் அவன் ஐயுறுவது இயல்பு. கழிப்பிடம் கழுவுவது உயர்குடிப் பயிற்சி மாணவனுக்கு ஆணவத்தைக் கழுவும் தவம். வேறொருவனுக்கு அது விட்டோடி வந்த வீட்டுக்கே திரும்புவது. இரண்டு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே துடைப்பத்தைக் கொடுத்தால் இருவருக்கும் அது ஒரே பாடமாகிவிடாது. இவ்வேறுபாட்டைப் பயிற்றுநர் அறிந்து நடத்துதல் வேண்டும். சேவாகிராமத்தார் சாதியை எதிர்த்தவர்கள் என்பதில் ஐயமில்லை. எதிர்ப்பது வேறு, வகுப்பறையில் அது எப்படி இயங்குகிறது என்பதைப் பயிற்சியின் பாடமாக்குவது வேறு.

பார்பியானாவுக்கும் இதே குறையுண்டு. அங்கே பியெரினோ ஒருபுறம், ஜியான்னி மறுபுறம். ஏழைகள் யாவரும் ஒரே அணி. தருமபுரியில் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் இரு ஜியான்னிகள் ஒருவரையொருவர் தொடாதிருக்க வீட்டிலே கற்பிக்கப்பட்டவர்கள். 2012 நவம்பர் 7ஆம் நாள் நாய்க்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகளில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டதை நாடறியும். காரணமாகக் கூறப்பட்டது ஒரு கலப்புத் திருமணம். அதற்கப்பால் அவ்வட்டாரத்துப் பள்ளிகள் திறந்திருக்கும்; மணி அடித்திருக்கும்; வருகைப் பதிவேட்டில் இரு தரப்புப் பெயர்களும் அகர வரிசைப்படி அடுத்தடுத்து இருந்திருக்கும். அந்தக் காலையில் வகுப்பில் நுழைந்த ஆசிரியர் என்ன சொன்னார்? என்ன சொல்லவேண்டுமென்று அவருக்கு யாராவது, எங்காவது, எப்போதாவது கற்பித்திருந்தார்களா? பாடத்திட்டக் குறிப்பேட்டில் இதற்கென ஒரு கட்டம் கிடையாது. ஆசிரியரும் ஒரு சாதியில் பிறந்தவரே, பயிற்றுநரும் அப்படியே. பயிற்றுநர் தம் பயிற்சி மாணவரோடு இதை வெளிப்படையாய்ப் பேசிப் பழகியிராவிடில் அந்த ஆசிரியர் அந்தக் காலையில் கரும்பலகையின் பக்கம் திரும்பி நாளையும் கிழமையையும் எழுதத் தொடங்கியிருப்பார், வேறென்ன செய்வார்?

நம் பயிற்சி முறை இதைச் செய்யும் நிலையில் உள்ளதா? கோத்தாரிக் குழு 1966இலேயே ஆசிரியப் பயிற்சி பல்கலைக்கழகத்தினின்றும் பள்ளிகளினின்றும் தனிமைப்பட்டுக் கிடப்பதைச் சுட்டிக்காட்டிற்று. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் எழுந்தன. அனைவருக்கும் கல்வித் திட்டம் வந்தபின் வட்டார வள மையங்களும் ஆசிரியர் பயிற்றுநர்களும் வந்தனர். அமைப்புக்குக் குறைவில்லை. எனினும் தொடக்கப் பள்ளி ஆசிரியரை ஆயத்தப்படுத்துவோருள் பலர் தொடக்கப் பள்ளியில் ஒருநாளும் கற்பித்தவரல்லர். உயர்நிலைப் பாட அறிவும் கல்வியியல் பட்டமும் உடையவர்கள். நீச்சலறியாதவர் கரையில் நின்று கையசைவுகளை விளக்குவதை ஒக்கும் இது. பயிற்சி மாணவரும் வண்ணத்தாளிலும் தெர்மோகோலிலும் துணைக்கருவி செய்து, நாற்பது நிமிடப் பாடத்தைப் பிள்ளைகளுக்கன்றி மதிப்பெண் இடுபவருக்கு நடத்திக் காட்டி, பட்டயம் பெறுகின்றனர். பள்ளிகளைச் சுற்றிவரும் பயிற்றுநரின் நாளோ படிவம் நிரப்புவதிலும் புள்ளிவிவரம் திரட்டுவதிலும் பெரும்பகுதி கழிகிறது. அவர் வந்தால் ஆசிரியர் எழுந்து பதிவேடுகளை எடுத்து வைக்கிறார். பிள்ளைகளை யாரும் எடுத்து வைப்பதில்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்வது நேர்மை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 முதல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், ரிஷி பள்ளத்தாக்கில் உருவான அட்டைகளையும் ஏணிப்படிகளையும் அடியொற்றியது. சென்னை ஆசிரியர்கள் அங்கே நேரில் சென்று, வகுப்பு நடப்பதைக் கண்டு திரும்பினர். ஆசிரியர் தரையில் பிள்ளைகளோடு அமர்ந்தார். கண்டவர் வழியாய்ப் பரவியபோது அதற்கு உயிர் இருந்தது. சுற்றறிக்கை வழியாய்ப் பரவியபோது அட்டை மட்டும் போய்ச் சேர்ந்தது. நயீ தாலீமின் கதையே மீண்டும், சிறிய எழுத்தில்.

ஆகவே இவ்விரு நூல்களையும் ஒருசேர வாசித்து நாம் கொள்ளும் முடிவு இதுவே: தமக்கென ஒரு வகுப்பும் அதில் பெயர் தெரிந்த பிள்ளைகளும் இல்லாதவர் ஆசிரியரை ஆக்க இயலாது. மிலானிக்கு அவை இருந்தன. ஆரியநாயகம் தம்பதியருக்கும் இருந்தன. மடலில் வரும் பெயரில்லாத ஆசிரியைக்கு இருக்கவில்லை. மற்ற வேறுபாடுகள் யாவும் இதற்கு அடுத்தபடியில் நிற்பவை. வாரத்தில் ஒரு நாளாவது பயிற்றுநர் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கோ மூன்றாம் வகுப்புக்கோ பொறுப்பேற்றுக் கற்பித்தல் வேண்டும். அவர் தடுமாறுவதைப் பயிற்சி மாணவர் பின்வரிசையில் அமர்ந்து காணுதல் வேண்டும். தடுமாறாத பயிற்றுநரிடம் தடுமாறுகிற ஆசிரியன் எதைக் கற்பான்? இதை எழுதும்போது இறையியல் கல்லூரிகளில் கற்பிப்போராகிய நம்மையும் இது தொடுகிறது. சபையொன்றின் பொறுப்பை விட்டு இருபதாண்டு ஆனவர் மேய்ப்புப்பணி இயலைக் கற்பிப்பது நம்மிடையே அரிதன்று.

நன்னூலின் உவமைகளுள் முடத்தெங்கைப் பற்றி ஒரு சொல். ஒருவன் நீர்வார்த்து வளர்க்க, வளைந்து நின்று அயலான் முற்றத்தில் காய் உதிர்க்கும் தென்னை அது. தமக்குத் தொண்டு செய்தவனை விடுத்துப் பிறனுக்குப் பயன்படும் ஆசிரியனைப் பவணந்தியார் அவ்வாறு பழித்தார். ஆசிரியரை ஆக்குவோருக்கோ அந்தப் பழியே இலக்கணமாய் அமைந்துவிடுகிறது. அவர் நீர்வார்ப்பது தருமபுரி நகரில். காய் விழுவது பென்னாகரத்துக்கு அப்பால், அவர் பெயரையே கேட்டிராத பிள்ளையின் முற்றத்தில். மாவட்டத்தில் இப்படி முப்பதாண்டு நீர்வார்த்து ஓய்வுபெற்றோர் உள்ளனர். விருதுப் பட்டியல்களில் ஆசிரியர் பெயர்கள் வரும். அவர்களை ஆக்கியோர் பெயர்கள் அங்கே வரக் காணோம்.

நம்மோடு இந்நூல்களை வாசித்தவருள் பயிற்றுநர் ஒருவர் சித்தேரி மலையடிவாரத்து ஈராசிரியர் பள்ளியொன்றில் மூன்றாண்டுகளாய்த் திங்கட்கிழமைதோறும் இரண்டாம் வகுப்பை எடுத்து நடத்திவருகிறார். அவரை யாரும் பணிக்கவில்லை, தடுக்கவுமில்லை. கழித்தலில் கடன் வாங்குவதைப் புளியங்கொட்டையால் விளக்கப் போய், முதலாண்டில் வகுப்பு முழுவதையும் குழப்பிவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அதைப் பயிற்சி வகுப்பிலும் ஒளிக்காமல் சொல்வாராம். அலுவலக நாட்குறிப்பில் இவ்வேலைக்கெனத் தனிப் பத்தி இல்லாமையால், 'பள்ளிப் பார்வை' என்றே எழுதிவருகிறார்.